ஹீத்கிளிஃபை வெளுத்தவர்கள்

காதலர் தினத்துக்கு ரோஜா விற்பவர்கள்மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. பலூன் விற்கட்டும், கரடி பொம்மை விற்கட்டும். 2026 பிப்ரவரியில் அதே கடைக்கு ஒரு புதுச் சரக்கு வந்து இறங்கியது. தன்னை நம்பி வீட்டைவிட்டு ஓடிவரும் பெண்ணின் நாய்க்குட்டியைக் கொக்கியில் தொங்கவிட்டவன். 17 வயதுப் பெண்ணை வீட்டுக்குள் பூட்டி, கன்னத்தில் மாறி மாறி அறைந்து, சாகக் கிடக்கும் தன் மகனுக்குக் கட்டிவைத்தவன். செத்து 18 ஆண்டுகள் ஆன காதலியின் சவப்பெட்டி மூடியைத் திறந்து முகம் பார்த்தவன். அவன்தான் இந்த ஆண்டு காதலர்களுக்கான பரிசு என்று சுவரொட்டி ஒட்டினார்கள். பெயர் ஹீத்கிளிஃப். வளர்ந்த ஊர் யார்க்ஷயர். குலம் தெரியாது, கோத்திரம் தெரியாது, நிறம் மட்டும் எல்லார் கண்ணிலும் படும். கதையே அங்கேதான் இருக்கிறது. படத்தில் அதைத்தான் காணோம்.

‘வுதரிங் ஹைட்ஸ்’ எமிலி பிரான்டே எழுதிய ஒரே நாவல். 1847 டிசம்பரில் எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வந்தது. அடுத்த டிசம்பரில், 30 வயதில், ஆசிரியர் போய்ச் சேர்ந்தார். திரைக்கதை விவாதத்துக்குக் கூப்பிட முடியாத எழுத்தாளரைவிடத் தயாரிப்பாளருக்கு வசதியானவர் வேறு யார்?

அதைப் படமாக்கிய இயக்குநர் எமரால்ட் ஃபெனல் முன்னெச்சரிக்கைக்காரர். படத்தின் தலைப்பையே மேற்கோள் குறிக்குள் வைத்துவிட்டார். இந்த நாவலை அப்படியே எடுத்துவிட்டேன் என்று யாராலும் சொல்லிக்கொள்ள முடியாது, இது நான் உணர்ந்த வடிவம் மட்டும்தான் என்ற பொருளில் விளக்கமும் தந்தார். என்ன அடக்கம், என்ன பணிவு! இனிமேல் ஓட்டல்காரர்களும் டால்டா ஊற்றிச் சுட்டுவிட்டு, பெயர்ப்பலகையில் ‘நெய்’ தோசை என்று இரண்டு பக்கமும் குறி போட்டு விற்கலாம். கேட்டால், நான் உணர்ந்த நெய் இதுதான் என்று சொல்லிவிடலாம்.

நடிகர்களைத் தேர்வுசெய்த அம்மையார் இன்னும் ஒரு படி மேலே போனார். நாவலோடு ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை, அது வெறும் புத்தகம்தானே என்ற தோரணையில் ஒரு திரைப்பட விழாவில் பேசினார். வெறும் புத்தகமா? சரி. அந்த வெறும் புத்தகத்தின் பெயரைத்தானே ஊர் ஊராகப் பெரிய எழுத்தில் போட்டீர்கள்? சொந்தச் சரக்கு அவ்வளவு உசத்தி என்றால் ‘மேட்டு பங்களா மோகினி’ என்று சொந்தமாக ஒரு பெயர் வைத்துக்கொண்டு வந்திருக்கலாமே. அதற்குக் கூட்டம் வராது. 178 ஆண்டுகளாக ஒரு பெண் சேர்த்துவைத்த பெயருக்குத்தான் கூட்டம் வரும் என்று கல்லாப்பெட்டிக்குத் தெரியும்.

நாவலில் ஹீத்கிளிஃப் எப்படி வந்து சேர்கிறான்? ஏர்ன்ஷா என்ற நிலக்காரர் லிவர்பூலுக்கு நடந்தே போகிறார். போகும்போது பிள்ளைகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போகிறார். திரும்பி வரும்போது மேலங்கிக்குள்ளிருந்து ஒரு கறுத்த, கந்தல் உடுத்திய குழந்தையை எடுத்துக் கீழே விடுகிறார். அது யாருக்கும் புரியாத பாஷையில் எதையோ திரும்பத் திரும்பச் சொல்கிறது. வீட்டுக்காரம்மா தூக்கி வெளியே எறியத் தயாராகிறார். வேலைக்காரி நெல்லி அதை மாடிப்படியில் படுக்கவைக்கிறாள், விடிவதற்குள் தொலைந்தால் சரி என்று. கதை நடப்பது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அன்றைய லிவர்பூல், ஆப்பிரிக்க மனிதர்களை விற்கும் கப்பல்கள் புறப்பட்ட முதன்மையான துறைமுகங்களில் ஒன்று. பக்கத்துப் பங்களா லின்டன் துரை பையனைப் பார்த்துவிட்டு, கப்பலில் வந்த இந்திய மாலுமியின் குட்டியோ, அமெரிக்காவிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ கரையொதுங்கியதோ என்று சந்தேகப்படுகிறார். பிற்பாடு நெல்லி அவனைத் தேற்றுவதற்காக, உன் அப்பன் சீனத்துச் சக்கரவர்த்தியாகவும் அம்மா இந்திய ராணியாகவும் இருக்கக்கூடாதா என்கிறாள். எமிலி கடைசிவரை விடை சொல்லவில்லை. எந்த ஊர்க் கறுப்பு என்று தெரியாத பையனை அந்த வீட்டில் ஒவ்வொருவரும் எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் அவருடைய நாவல்.

அந்தப் பையன் ஒரு நாள் கண்ணாடி முன் நின்று, பக்கத்துப் பங்களாப் பிள்ளை எட்கர் லின்டனைப் போல எனக்கும் பொன்னிற முடியும் வெள்ளைத் தோலும் இருந்திருந்தால் என்று ஏங்குகிறான். நாவலில் எனக்கு ஒரே ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு என்றால் இதைத்தான் கேட்பேன். அவனுடைய எல்லாக் கொடுமைகளுக்கும் விதை இந்தக் கண்ணாடியில் இருக்கிறது.

2026இல் அவன் கேட்டதை ஹாலிவுட் கொடுத்துவிட்டது. ஹீத்கிளிஃபாக நடிப்பவர் ஆஸ்திரேலியாவின் ஜேக்கப் எலோர்டி. வெள்ளைத் தோல், விளம்பரப் பலகைக்கென்றே அளவெடுத்த உயரம். ஏன் இவர் என்று கேட்டதற்கு, சிறுவயதில் தான் படித்த பிரதியின் அட்டையிலிருந்த ஹீத்கிளிஃப் இவரைப் போலத்தான் இருந்தார் என்று இயக்குநர் சொன்னார். அட்டை! உள்ளே 34 அத்தியாயம் இருக்கிறது, அம்மணி.

இத்தோடு விட்டிருந்தால் அறியாமை என்று மன்னித்திருக்கலாம். பொன்னிற முடியும் நீலக் கண்ணும் கொண்ட எட்கர் லின்டனாக யாரைப் போட்டார்கள் தெரியுமா? ஷசாத் லத்தீஃப். பாகிஸ்தானிய வம்சாவளி பிரிட்டிஷ் நடிகர். நல்ல நடிகர், அவர்மேல் பழி இல்லை. ஆனால் கதையைப் பாருங்கள். லாயத்தில் குதிரைக்கு வைக்கோல் போடும் கறுப்பன் இப்போது வெள்ளை. பங்களாவில் பட்டு மெத்தையில் சாய்ந்திருக்கும் வெள்ளைத் துரை இப்போது மாநிறம். இனி எவன் எவனைப் பார்த்துக் கண்ணாடி முன் ஏங்குவது? நாங்கள் நிறம் பார்ப்பதில்லை என்பார்கள். நிறம் பார்க்காதவர்களுக்கு இவ்வளவு துல்லியமாகத் தலைகீழாக்க வராது. (கிராமத்துக் கதாநாயகிக்கு மும்பையிலிருந்து ஆள் இறக்கிப் பழகிய நமக்குச் சிரிக்கத் தகுதி இல்லை என்பதும் தெரிந்ததுதான். இருந்தாலும் சிரிப்பு வருகிறது.)

புத்தம் புதிய குற்றம் என்று நினைத்துவிட வேண்டாம். ஹாலிவுட் இதே நாவலை 1939இலேயே வெளுத்துக் காயப்போட்டிருக்கிறது. அந்தக் கதையை நாவலாக எழுதினால், மிகைப்படுத்திவிட்டாய் என்று பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

சாமுவேல் கோல்ட்வின் தயாரிப்பு, வில்லியம் வைலர் இயக்கம். ஹீத்கிளிஃப் வேடத்தில் லாரன்ஸ் ஒலிவியே, சுத்தமான இங்கிலீஷ் துரை. ஏர்ன்ஷாவின் மகளும் ஹீத்கிளிஃபின் காதலியுமான கேத்தரின் வேடத்தில் மெர்ல் ஓபரான். விளம்பரத்துறை கொடுத்த குறிப்பில், மெர்ல் பிறந்தது டாஸ்மேனியாவில், பிறப்பு ஆவணங்கள் தீயில் போய்விட்டன. உண்மையில் அவர் பிறந்தது 1911இல், பம்பாயில். வளர்ந்தது கல்கத்தாவில். அவர் தாய் என்று நம்பி வளர்ந்த சார்லட், இலங்கையிலிருந்து வந்த கலப்பினப் பெண். பெற்றவள் வேறு, சார்லட் பாட்டி என்பது பின்னால் வெளிவந்த சங்கதி. லண்டனில் விருந்தாளிகள் வரும்போது மாநிறத் தாயை வேலைக்காரி என்று அறிமுகப்படுத்தியதாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அந்தத் தாய் செத்த பிறகு அவரை ஓவியமாக வரையச் சொன்னார், தோலை வெளுப்பாக்கி. 1978இல், சாவதற்கு முந்தைய ஆண்டு, டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரம் தன் ஊர்ப் பெண் என்று அவருக்கு வரவேற்பும் கொடுத்தது. அவர் பிறப்பின் உண்மை புத்தகமாக வந்தது 1983இல், அவர் போன பிறகு.

இப்போது அந்தப் படத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். கறுப்பனைக் கட்டினால் என் மதிப்பு போய்விடும் என்று தயங்கும் வெள்ளைக்காரப் பெண்ணாக நடிப்பவர் பம்பாயில் பிறந்து நிறத்தை மறைத்து வாழ்ந்தவர். அந்தக் கறுப்பனாக நடிப்பவர் வெள்ளைக்காரர். அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் ஹீத்கிளிஃபின் பயம் ஒருவருக்குத் தெரிந்திருந்தது என்றால் அது மெர்லுக்குத்தான், அந்தப் பயத்தைக் காட்டும் வேடம் மட்டும் அவருக்கு இல்லை. அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. வெள்ளை–கறுப்புக் காதலைத் திரையில் காட்டக்கூடாது என்று ஹாலிவுட்டின் தணிக்கை விதியே எழுதிவைத்திருந்த காலம் அது. தெரிந்திருந்தால் அந்தப் பெண்ணைத் தூக்கி எறிந்திருப்பார்கள். 1939க்கு அந்த விதி இருந்தது, சாக்காவது சொல்லலாம். 2026க்கு என்ன சாக்கு? அட்டைப்படமா?

சரி, தோலை விடுங்கள். பாதி நாவல் எங்கே போயிற்று?

கேத்தரின் 16ஆம் அத்தியாயத்தில் இறந்துவிடுகிறாள். வயது 18. மீதி 18 அத்தியாயங்கள் இருக்கின்றன. 1939 படம் அங்கேயே கடையை மூடியது. அது போதாதென்று, காதலர்கள் பிணமாகக் கிடந்தால் ஜனங்கள் அழுதுகொண்டு போவார்கள் என்று கோல்ட்வினுக்குக் கவலை வந்தது. இருவரும் ஆவியாகிக் கைகோத்து நடக்கும் காட்சி வேண்டும் என்றார். வைலர் முடியாது என்றுவிட்டார். வேறு ஆளை வைத்து, நடிகர்களுக்குப் பதில் டூப் போட்டு எடுத்து ஒட்டினார்கள். 2026 படமும் கேத்தரினோடு முடிந்துவிடுகிறது. கேத்தரினாக நடித்த மார்கோ ராபிக்குப் படம் வந்தபோது 35 வயது. 18 வயதுப் பிடிவாதக்காரியின் அவசரத்தை 35 வயதில் செய்தால் அது வேறு குணம், வேறு கதை. யாருக்குக் கவலை?

நாவலில் கேத்தரினின் அண்ணன் ஹிண்ட்லி இருக்கிறான். அப்பா செத்ததும் ஹீத்கிளிஃபின் படிப்பை நிறுத்தி, லாயத்துக்கு விரட்டி, அடித்து வேலை வாங்குகிறவன் அவன்தான். புதிய படத்தில் ஹிண்ட்லி கிடையாது. லிவர்பூலிலிருந்து பிள்ளையைத் தூக்கிவந்து தன் மகனைவிட அதிகமாகச் சீராட்டிய அப்பாவையே குடிகாரக் கொடூரனாக்கி, இரண்டு சம்பளத்தை ஒன்றாக்கிவிட்டார்கள். சிக்கனம் நல்லதுதான். ஆனால் ஹிண்ட்லி போனால் அவன் மகன் ஹேர்ட்டனும் போவான். ஹேர்ட்டன் போனால் நாவலின் கணக்கு முழுவதும் போகும். ஹீத்கிளிஃப் மூன்று வருடம் காணாமல் போய்ப் பணக்காரனாகத் திரும்பி, சூதாடிய ஹிண்ட்லியிடம் வீட்டை அடமானமாக வாங்கி, அவன் செத்ததும் வீட்டையே சொந்தமாக்கிக்கொள்கிறான். பிறகு தனக்கு என்ன நடந்ததோ அதை அப்படியே ஹேர்ட்டனுக்குச் செய்கிறான்: பள்ளிக்கூடம் கிடையாது, எழுத்து கிடையாது, சொந்த வீட்டிலேயே கூலிக்காரன். வாசல் நிலைக்கு மேலே செதுக்கியிருக்கும் தன் பெயரைக்கூட ஹேர்ட்டனால் படிக்க முடியாது. மிதிபட்டவன் கையில் அதிகாரம் வந்தால் அடுத்தவன் தலையில் எப்படி மிதிப்பான் என்று 29 வயதுக்குள் ஒரு பாதிரியார் மகள் எழுதிவைத்திருக்கிறாள். அதை வெட்டிவிட்டு, மழையில் நனைந்த சட்டையைக் காட்டுகிறார்கள்.

சட்டையைப் பற்றிக்கூட நான் சண்டைக்கு வரவில்லை. கேத்தரினின் படுக்கையறைச் சுவரை அவள் தோலைப் போலவே, நரம்பும் மச்சமும் தெரிய அமைத்திருந்தார்கள். செலவு செய்திருக்கிறார்கள், நன்றாகத் தெரிகிறது. என்னால் பொறுக்க முடியாதது இசபெல்லாவுக்குச் செய்தது.

நாவலின் இசபெல்லா எட்கரின் தங்கை, ஹீத்கிளிஃபைக் காதல் நாயகன் என்று நம்பி ஓடிப்போகிற பெண். மேகத்திலிருந்து இறங்கிவந்த வீரன் என்று இவளாகக் கற்பனை செய்துகொண்டாள். போன மறுநாளே தெரிந்துவிடுகிறது. நெல்லிக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள், இவன் மனிதன்தானா, இல்லை பிசாசா என்று கேட்டு. அடி வாங்குகிறாள், வசவு வாங்குகிறாள். கடைசியில் எறிந்த கத்தி காதுக்கடியில் குத்த, பிடுங்கிப் போட்டுவிட்டு, பனியில் மேட்டையும் பள்ளத்தையும் தாண்டி ஓடித் தப்பிக்கிறாள். கருவில் இருந்த பிள்ளையோடு தெற்கே போய், திரும்பி வராமலே வாழ்ந்து சாகிறாள். கணவனை விட்டு வெளியேறும் பெண்ணுக்குச் சட்டமும் சமூகமும் ஒரு அடி நிலம்கூடத் தராத காலத்தில் எழுதிய பாத்திரம் இது. புதிய படத்தில் அவள் நாய்ச் சங்கிலியில் கட்டுண்டு கிடக்கிறாள், விரும்பியே, விளையாட்டாகவே. அவன் ஒவ்வொரு படியிலும் அவளிடம் சம்மதம் கேட்கிறான். ஆகா, எவ்வளவு நாகரிகமான ஹீத்கிளிஃப்! எமிலியின் இசபெல்லா அடிபட்டாள். அடித்தவனுக்கு நற்சான்றிதழ் வேண்டுமென்றால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று சொல்லிவிட வேண்டும். குடும்ப நல நீதிமன்ற வாசலில் இந்தச் சாட்சியை நாம் கேட்டதில்லையா? அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது, ஐயா.

நாவலின் ஹீத்கிளிஃபே இசபெல்லாவைப் பார்த்துச் சிரிக்கிறான், என்னைக் காதல் கதை நாயகனாகக் கற்பனை செய்துகொண்டாளே என்று. தன்னை இப்படித்தான் படிப்பார்கள் என்று முன்கூட்டியே அறிந்து எழுதிய ஆசிரியரின் எச்சரிக்கை அது. எச்சரிக்கை மட்டும் சரியாக வெட்டுப்படுகிறது, எல்லாப் படத்திலும்.

அப்படியானால் நாவலில் இருப்பதை வரிக்கு வரி எடுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். யார் சொன்னது? லூயிஸ் புனுவேல் 1954இல் இதை மெக்சிகோவுக்குக் கொண்டுபோனார். யார்க்ஷயரும் கிடையாது, பனியும் கிடையாது, வெறி மட்டும் அப்படியே இருந்தது. இந்தியில் 1966இல் ‘தில் தியா தர்த் லியா’ வந்தது. திலீப்குமாருக்கு ஜோடியாக நம் செங்கல்பட்டில் பிறந்த வஹீதா ரஹ்மான். அது எமிலியின் பெயரை வைத்து வியாபாரம் செய்யவில்லை, பாட்டு பாடிவிட்டுப் போனது. 2011இல் ஆண்ட்ரியா ஆர்னால்ட் வசனத்தில் முக்கால்வாசியைத் தூக்கி எறிந்தார். ஆனால் ஜேம்ஸ் ஹவுசன் என்ற கறுப்பின இளைஞரை ஹீத்கிளிஃபாக்கினார். அதற்கு முன் ஹாலிவுட்டும் பிரிட்டனும் அதைச் செய்யவில்லை, 164 ஆண்டுகளாக எழுத்தில் இருந்தும். காற்றும் சேறும் அடியும் திரையில் இருந்தன. அந்தப் படம் பெரிதாக ஓடவில்லை. ஓடாது. உதட்டுச்சாயம் பூசிய ஹீத்கிளிஃபுக்குத்தான் பாப்கார்ன் விற்கும்.

மாற்றுவது கலைஞனின் உரிமை, மாற்றட்டும். ஏன் எல்லாரும் ஒரே திசையில் மாற்றுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. 87 ஆண்டுகளில் ஒரு தயாரிப்பாளருக்காவது கேத்தரினை இன்னும் சுயநலக்காரியாக்கத் தோன்றியிருக்கிறதா? லின்டன் பங்களாவின் சொத்து எங்கிருந்து வந்தது என்று ஒரு காட்சி கூடுதலாக வைக்கத் தோன்றியிருக்கிறதா? வெட்டுப்படுவது எப்போதும் அந்தப் பையனின் நிறம், அந்தப் பெண்ணின் காயம், படிக்க விடாமல் அடிக்கப்பட்ட பிள்ளைகள். கூட்டப்படுவது எப்போதும் முத்தம். கத்தரிக்கோலுக்கு இவ்வளவு ஒழுங்கான ரசனை தற்செயலாக அமையாது.

1848இல் இந்த நாவலைப் படித்த விமர்சகர்கள் பலர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். காட்டுமிராண்டித்தனம், குரூரம், இப்படி ஒரு புத்தகமா என்று எழுதினார்கள். எமிலி இறந்த பின் அவருடைய எழுதுபெட்டியில் நாவலைப் பற்றிய ஐந்து விமர்சனத் துண்டுகள் கிடைத்தன. வெட்டிப் பத்திரப்படுத்தியிருந்தார். அந்த விமர்சகர்களுக்கு நான் இன்று வணக்கம் சொல்கிறேன். பயந்தாவது போனார்கள். பயப்பட வேண்டிய புத்தகம் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. காதலர் தினத்துக்கு ஜோடியாக வந்து, கைக்குட்டையில் கண்ணைத் துடைத்து, செல்ஃபி எடுத்துக்கொண்டு போகும் அளவுக்கு அவர்கள் அதை அவமதிக்கவில்லை.

அடுத்த படம் எப்படியும் வரும். மேற்கோள் குறி போதாதென்று கேள்விக்குறியோடும் வரலாம். எடுக்கப்போகிறவருக்கு ஒரு காட்சி சொல்லிவைக்கிறேன். 1992இல் ரால்ஃப் ஃபைன்ஸ் நடித்த படம் இரண்டாம் தலைமுறைவரை போனது, அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே நடிகையை வைத்து. மற்ற பெரிய படங்கள் பொதுவாக அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நாவலின் 32ஆம் அத்தியாயம். ஜன்னல் பக்கத்தில் கேத்தரினின் மகள் இளைய கேத்தி, ஹேர்ட்டனுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். அவனுக்கு வயது 24, எழுத்து இப்போதுதான் கூடிவருகிறது. கவனம் பக்கத்தைவிட்டு அவள் கைமேல் போகும்போதெல்லாம் கன்னத்தில் ஒரு தட்டு விழுகிறது. சரியாக வாசித்துவிட்டால் முத்தம் உண்டு. பாருங்கள், முத்தம்கூட இருக்கிறது. செலவும் அதிகம் ஆகாது: ஒரு அறை, ஒரு புத்தகம், இரண்டு பேர். தோல் பூசிய சுவர் தேவையில்லை. வசனத்தை எமிலியே எழுதிவைத்திருக்கிறார், பதிப்புரிமை காலாவதியாகி வெகுகாலம் ஆயிற்று, ஒரு பைசா கேட்க மாட்டார்.